லெ மான் 24 மணி நேரப் பந்தயமும் விதியைப் படிக்கும் வித்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி நான் தூங்குவதில்லை என்பது நண்பர்களுக்குத் தெரியும். அதனால் கார் பந்தயத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கேள்வி என்னிடம் வந்துவிடும். அஜித் குமாரின் அணி துபாயில் ஓடிய பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், யார் வேகமான ஓட்டுநர் என்று கேட்பவர்கள் குறைவு. "இதுக்கெல்லாம் ரூல்ல இடம் இருக்கா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

எண்டூரன்ஸ் ரேஸ்னா என்ன சார்? எஃப்1 மாதிரிதானே?

எஃப்1-இல் சுமார் 305 கிலோமீட்டர் தூரத்தை யார் முதலில் முடிக்கிறார் என்று பார்ப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். எண்டூரன்ஸில் பெரும்பாலும் நேரத்தை நிர்ணயித்துவிடுவார்கள்: 6 மணி, 12 மணி, 24 மணி என்று. அதற்குள் யார் அதிக தூரம் ஓடுகிறாரோ அவருக்கு வெற்றி. இன்றைக்கு லெ மானில் ஒரு காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள். ஆட்களுக்கு ஓய்வு உண்டு, காருக்குக் கிடையாது.

இந்த வகையில் மூத்தது பிரான்ஸின் லெ மான் நகரில் 1923-இல் தொடங்கிய பந்தயம். (நாம் "லெ மான்ஸ்" என்று படிக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள்.) ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். தடத்தின் பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஊர் ஜனங்கள் கடைக்கும் வேலைக்கும் போய்வரும் சாதாரண ரோடு.

அஜித் ஓட்டினதும் இதுதானா?

வகை ஒன்று, பந்தயம் வேறு. 2025 ஜனவரியில் அவருடைய அணி 3-ஆம் இடம் பிடித்தது துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு பிரிவில். அங்கே ஓடுபவை பெரும்பாலும் கார் கம்பெனிகள் பந்தயத்துக்கென்றே தயாரித்து விற்கும் கார்கள். பணம் கட்டினால் யாரும் வாங்கலாம். லெ மானின் உச்சப் பிரிவில் கம்பெனிகளே நேரடியாக இறங்கி, அந்த ஒரு பந்தயத்தை மனதில் வைத்து கார் செய்வார்கள். இந்தப் பக்கத்தில் வரும் விவகாரங்கள் பெரும்பாலும் லெ மானில் நடந்தவை.

லெ மான் வரை போன நம் ஆட்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். கோயம்புத்தூர்க்காரர். 2009-இல் கொலஸ் அணியின் ஆவுடி ஆர்10 காரில் பெயர் கொடுத்து, தகுதிச்சுற்று வரை வந்தார். பந்தயம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் தோள்பட்டை நழுவி, கடைசியில் ஓட்ட முடியாமல் போனது. மூன்று பேர் ஓட்ட வேண்டிய காரை மற்ற இரண்டு பேர் 24 மணி நேரமும் ஓட்டி 7-ஆம் இடத்தில் முடித்தார்கள்.

கடைசி நிமிஷம் வரைக்கும் முன்னாடி இருந்த கார், லிஸ்ட்லயே இல்லாம போகுமா?

போகும், போயிருக்கிறது. 2016-இல் டொயோட்டா 5-ஆம் எண் கார் முதலிடத்தில் இருந்தது. சில நிமிடங்கள்தான் பாக்கி. ஓட்டுநர் கசுகி நகாஜிமா ரேடியோவில் "பவர் இல்லை" என்று கத்துகிறார். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே இருந்த காற்றுக்குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது. தொடக்கக் கோட்டைத் தாண்டியவுடன் கார் நின்றது. பின்னால் வந்த போர்ஷே தாண்டிப் போனது. டொயோட்டா பந்தலில் பெரிய பெரிய ஆட்கள் அழுததை டிவியில் எல்லோரும் பார்த்தோம்.

அதற்குப் பிறகுதான் விதி வந்து நின்றது. கடைசிச் சுற்றை 6 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நகாஜிமா எப்படியோ காரைக் கிளப்பி உருட்டிக்கொண்டு வந்தார், ஆனால் 11 நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாம் இடம்கூடக் கிடைக்கவில்லை. 24 மணி நேரம் ஓடிய கார் முடிவுப் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

இன்னொரு பழைய கதையும் உண்டு. 1966-இல் ஃபோர்டு முன்னணியில் இருந்த தன் இரண்டு கார்களை ஒன்றாகக் கோட்டைத் தாண்ட வைத்து "சமம்" என்று அறிவிக்கச் செய்யப் பார்த்தது. படத்துக்கு அழகாக இருக்கும் என்ற எண்ணம். ஆனால் விதியில் இருப்பது தூரம். மக்லாரன், அமோன் ஜோடியின் கார் தொடக்கத்தில் சில மீட்டர் பின்னால் நின்றிருந்தது. அப்படியானால் அதுதான் அதிக தூரம் ஓடியிருக்கிறது, வெற்றியும் அதற்கே என்றார்கள். மற்றக் காரில் பந்தயம் முழுக்க உழைத்த கென் மைல்ஸுக்கு இரண்டாம் இடம்.

ரூல் எழுதறது யாரு? கார் கம்பெனிங்களா?

லெ மானை நடத்துவது ஏசிஓ என்ற பிரெஞ்சு மோட்டார் சங்கம். உலக அளவில் எஃப்ஐஏ என்ற மோட்டார் பந்தய அமைப்பு. இருவரும் சேர்ந்துதான் உச்சப் பிரிவின் விதிகளை எழுதுகிறார்கள். கம்பெனிகள் எழுதுவதில்லை என்பது காகிதத்தில். ஆனால் பெரிய கம்பெனிகள் வராவிட்டால் கூட்டம் வராது. அதனால் வரைவு தயாராகும்போதே அவர்களையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். கல்யாணச் சமையலுக்கு மெனு எழுதும்போது மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்கிற மாதிரி. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

ஹோமோலோகேஷன்னு அடிக்கடி சொல்றாங்களே, அது என்ன?

"இந்தக் கார் இந்தப் பிரிவின் விதிக்குப் பொருந்துகிறது" என்று அதிகாரிகள் தரும் அங்கீகாரம். பல காலம் அதில் முக்கியமான நிபந்தனை எண்ணிக்கை: இத்தனை கார் செய்திருந்தால்தான் அது நிஜமான கார், இல்லாவிட்டால் பந்தயத்துக்காகச் செய்த தனிச் சரக்கு. கம்பெனிகள் முதலில் கைவைத்ததும் இந்த எண்ணிக்கையில்தான்.

1962-இல் ஜிடி பிரிவுக்கு (ரோட்டுக் கார் வகைகளுக்கான பிரிவு) 100 கார் வேண்டும். ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தமே 36 செய்யப்பட்டது. "இது புதுக் கார் இல்லை, எங்கள் பழைய 250 ஜிடி-யின் வளர்ச்சிதான்" என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டார்கள். அடுத்து 250 எல்எம் காருக்கும் அதே பாட்டைப் பாடினார்கள். என்ஜின் முன்னாலிருந்து ஓட்டுநருக்குப் பின்னால் போயிருந்தது, அளவும் 3.3 லிட்டராகிவிட்டது. பெயரில் மட்டும்தான் பழைய 250. இந்த முறை அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. எல்எம் முன்மாதிரிக் கார்களோடு (ப்ரோட்டோடைப், அதாவது பந்தயத்துக்கென்றே செய்யப்படும் கார்கள்) மோத வேண்டியதாயிற்று. அப்படியும் 1965 லெ மானை ஜெயித்தது!

போர்ஷே 25 காரை வரிசையா நிறுத்தி ஏமாத்துச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிறுத்தியது நிஜம். ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன். 1968-இல் முன்மாதிரிக் கார்களுக்கு என்ஜின் 3 லிட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது. ஆனால் குறைந்த எண்ணிக்கையில் தயாராகும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 5 லிட்டர் வரை சலுகை. தனியார் கையிலிருந்த ஃபோர்டு ஜிடி40, லோலா போன்ற கார்கள் வீணாகக் கூடாது என்பது நோக்கம். அந்தப் பிரிவுக்கு 50 கார் செய்திருக்க வேண்டும். ஆள் சேரவில்லையென்று 25-ஆகக் குறைத்தார்கள். 25 காரை வெறும் பந்தயத்துக்காக எந்தப் பைத்தியக்காரன் செய்வான் என்று நினைத்திருப்பார்கள். போர்ஷேயில் தொழில்நுட்பப் பொறுப்பில் ஃபெர்டினாண்ட் பீயெச் இருந்தார். பன்னிரண்டு சிலிண்டர், 4.5 லிட்டர் என்ஜினோடு 917 என்ற கார் பிறந்தது.

1969 மார்ச்சில் ஆய்வாளர்கள் வந்தபோது முழுதாகத் தயாரானவை 3 கார்கள். 18 பாதி வேலையில், மிச்சத்துக்கு உதிரிபாகங்கள். "எல்லாவற்றையும் பூட்டினால் பந்தயத்துக்கு முன் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்" என்று போர்ஷே வாதிட்டது. அது நியாயமான வாதம்தான், ஆனால் எடுபடவில்லை. ஏப்ரல் 21 அன்று 25 கார்களும் தொழிற்சாலை வாசலில் ஒரே வரிசையில் நின்றன. ஆபீஸ் ஊழியர்கள்கூட ஸ்பேனர் பிடித்ததாகச் சொல்வார்கள். எந்தக் காரை வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள் என்றார் பீயெச். ஆய்வாளர்கள் ஓட்டவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் ஒரு கொசுக் கதை. 917 நேர்ரோட்டில் நிலையில்லாமல் ஆடியது. ஓட்டுநர்களே பயந்தார்கள். 1969 லெ மானில் முதல் சுற்றிலேயே ஜான் உல்ஃப் என்ற ஓட்டுநர் இந்தக் காரில் உயிரிழந்தார். அந்த வருடக் கடைசியில் ஆஸ்திரியாவில் சோதனை ஓட்டம். ஓடி வந்து நின்ற காரின் உடம்பெல்லாம் செத்த கொசுக்கள், பின்பக்கத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஜான் ஹார்ஸ்மன் என்ற பொறியாளர் இதைக் கவனித்தார். அங்கே காற்றே படவில்லை என்றால் பின்பக்கம் அமுங்குவது எப்படி? அலுமினியத் தகட்டை வெட்டி, வாலைக் குட்டையாக்கி மேலே தூக்கிக் கட்டினார்கள். கார் அடங்கியது. 1970, 1971 இரண்டு வருடமும் லெ மான் 917-க்கே. 1971-இல் அது ஓடிய 5,335 கிலோமீட்டர், 2010 வரை யாராலும் தாண்ட முடியாத தூரம்.

பெட்ரோல் டேங்க்கை டிக்கின்னு காட்டினாங்களாமே?

ஆமாம், டொயோட்டா. எனக்கு மிகவும் பிடித்த கதை. 1990-களின் ஜிடி1 பிரிவில் கார் ரோட்டில் ஓடும் வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ரோட்டுக் கார் என்றால் சாமான் வைக்க இடம் வேண்டும், ஒரு சூட்கேஸாவது கொள்ள வேண்டும். 1998-இல் டொயோட்டா ஜிடி-ஒன் காரில் அப்படி ஓர் இடமே இல்லை. "டேங்க்கில் பெட்ரோல் இல்லாதபோது அது காலி இடம்தானே? சூட்கேஸ் அளவு இருக்கிறதே" என்றார்கள். அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த வழியைத் திறந்துவிட்டது 1994-இல் டவ்வர் 962. போர்ஷேயின் பழைய பந்தயக் கார் 962-ஐ யோகென் டவ்வர் என்பவர் ரோட்டு அனுமதி வாங்கி விற்கத் தொடங்கியிருந்தார். அதையே "ரோட்டுக் கார்" என்று ஜிடி பிரிவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முன்மாதிரிக் கார்களுக்கு 80 லிட்டர் டேங்க், ஜிடிக்கு 120 லிட்டர். பெட்ரோலுக்கு நிற்கும் தடவை குறைந்தது, ஜெயித்தும் விட்டது. பந்தயக் காராகப் பிறந்து, ரோட்டுக் காராக வேஷம் கட்டி, மறுபடி பந்தயத்துக்கு வந்த கார்! அதன்பின் போர்ஷே 911 ஜிடி1, மெர்சிடிஸ் சிஎல்கே ஜிடிஆர் என்று எல்லோரும் முதலில் பந்தயக் காரைச் செய்துவிட்டு, பிறகு கணக்குக் காட்ட ரோட்டுக் கார் செய்தார்கள்.

இதெல்லாம் ஏமாத்து வேலை இல்லையா?

விதியில் எழுதியிருப்பதற்குப் பொருந்தி, கேட்டபோது திறந்து காட்டினால் அது விளக்கம். மறைத்தால்தான் ஏமாற்று. போர்ஷே 25 காரையும் வாசலில் நிறுத்தியது. டொயோட்டா டேங்க்கைக் காட்டியே வாதாடியது. முடிவு சொன்னது அதிகாரிகள்.

மறுபக்கத்துக்கு 2018-ஐப் பாருங்கள். எல்எம்பி2 பிரிவில் (முன்மாதிரிக் கார்களில் உச்சப் பிரிவுக்கு அடுத்தது) முதலில் வந்த ஜி-டிரைவ் அணியின் பெட்ரோல் நிரப்பும் கருவியைப் பிரித்துப் பார்த்தபோது, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குள் அங்கீகரிக்கப்படாத கூடுதல் பாகம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் சில விநாடி மிச்சம். விதியில் தெளிவில்லை என்று அணி மேல்முறையீடு செய்தது, தோற்றது. வெற்றி ஆல்பைன் அணிக்குப் போனது. இரண்டுக்கும் நடுவே கோடு மெல்லியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் தனிப்பட்ட கருத்து: முன்கூட்டிக் கேட்டுவிட்டுச் செய்தால் கெட்டிக்காரத்தனம், பிடிபட்ட பிறகு விளக்கினால் சால்ஜாப்பு.

மாஸ்டா ஜெயிச்சதும் ரோட்டரி என்ஜினையே தடை பண்ணிட்டாங்களாமே?

அதிகம் பரவிய தவறான கதை இது. ரோட்டரி என்றால் மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் பாகம் உள்ள என்ஜின். 1991-இல் அதை வைத்து மாஸ்டா 787பி ஜெயித்தது, முதல் ஜப்பானிய வெற்றி. ஆனால் 3.5 லிட்டர் பிஸ்டன் என்ஜின் மட்டும் என்ற விதி அதற்கு முன்பே முடிவான ஒன்று. 1992-இலிருந்து ரோட்டரிக்கு இடமில்லை என்று தெரிந்துதான் மாஸ்டா ஓடியது.

உண்மையான சாமர்த்தியம் வேறு இடத்தில். மெர்சிடிஸ், ஜாகுவார் போன்ற பழைய வகைக் கார்களுக்கு எடை 1,000 கிலோ என்று விதித்தபோது, ரோட்டரிக்கு 830 கிலோ போதும் என்று மாஸ்டா பேசி வாங்கிக்கொண்டது. யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. மாஸ்டாவை யாரும் மதிக்கவே இல்லையே! 170 கிலோ என்றால் ஆட்டோவில் இரண்டு தடித்த ஆட்கள் குறைந்த மாதிரி. டயர், பிரேக், பெட்ரோல் எல்லாம் மிச்சம். முன்னால் ஓடிய மெர்சிடிஸ் கடைசி மணிகளில் பழுதாகி நிற்க, 55-ஆம் எண் மாஸ்டா முந்தியது.

டீசல் கார் எப்படி ரேஸ்ல ஜெயிக்கும்?

2006-இல் ஆவுடி ஆர்10 ஜெயித்தது. 5.5 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், இரண்டு டர்போ. விதி டீசலுக்குப் பெட்ரோலைவிடப் பெரிய என்ஜினையும் அதிக டர்போ அழுத்தத்தையும் கொடுத்திருந்தது. அதை முழுசாகப் பயன்படுத்தும் அளவுக்குப் பணம் போட ஆவுடி முன்வந்தது. கார் கிட்டே வந்தாலும் சத்தமே இருக்காது, பஸ் ஸ்டாண்டில் கேட்கும் டீசல் இரைச்சலை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

அதற்கு முன்பு இருந்த ஆவுடி ஆர்8-ஐயும் சொல்லியாக வேண்டும். கியர்பாக்ஸ் போனால் சரிசெய்து நேரத்தை வீணாக்காமல், பின்பக்கத்தையே மொத்தமாகக் கழற்றிப் புதிதாக மாட்டிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. கார் ஓட்டத்தில் அப்படியொரு யோசனை யாருக்கும் வந்திருக்கவில்லை. பிறகு கியர்பாக்ஸின் உள்பாகங்களை மாற்றலாம், கூட்டை மாற்றக்கூடாது என்று விதி வந்தது.

எந்த ரூல்ல புதுசு புதுசா நிறைய வந்துச்சு?

"எப்படிச் செய்" என்று சொல்லாமல், "இவ்வளவுதான் பெட்ரோல்" என்று மட்டும் சொன்ன காலங்களில். 1982-இல் வந்த குரூப் சி விதியில் 1,000 கிலோமீட்டருக்கு 600 லிட்டர், என்ஜின் உங்கள் இஷ்டம். போர்ஷே சின்ன டர்போ என்ஜின், ஜாகுவார் 7 லிட்டர் வி12, மாஸ்டா ரோட்டரி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி.

2014-இல் மறுபடி அதே பாணி: ஒரு சுற்றுக்கு இவ்வளவு எரிபொருள், இவ்வளவு மின்சக்தி. போர்ஷே 2 லிட்டர் நாலு சிலிண்டர், டொயோட்டா 3.7 லிட்டர் வி8, ஆவுடி 4 லிட்டர் டீசல். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுற்றை முடித்தன. போர்ஷே 919 பிரேக் பிடிக்கும்போது மட்டுமில்லாமல், புகைக்குழாயில் ஒரு டர்பைன் வைத்து வேகம் எடுக்கும்போதும் மின்சாரம் எடுத்தது. 2015 முதல் மூன்று வருடமும் அதற்குத்தான் வெற்றி.

புதுசா யோசிச்சு மண்ணைக் கவ்வினவங்க?

உண்டு. 2015-இல் நிஸான் என்ஜினையும் முன்னால் வைத்து, முன்சக்கரத்தையும் ஓட்டவைத்தது. விதியில் முன்பக்கத்துக்குக் கொஞ்சம் அதிக சுதந்திரம் இருக்கிறது, அங்கேயே காற்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. காகிதத்தில் அருமை. லெ மானுக்கு மூன்று கார் போனது, ஒன்றுகூட முடிவுப் பட்டியலில் வரவில்லை. அந்த வருடக் கடைசியிலேயே மூடிவிட்டார்கள்.

1999 மெர்சிடிஸ் சிஎல்ஆர் இன்னும் பயங்கரம். முன்னும் பின்னும் உடம்பு சக்கரத்தைத் தாண்டி நீண்டிருந்தது. மேட்டில் ஏறியபோது மூக்குக்கு அடியில் காற்றுப் புகுந்து கார் பறந்தது. பந்தயத்துக்கு முன்பே மார்க் வெப்பர் இரண்டு முறை பறந்தார். அப்படியும் ஓடவிட்டார்கள். பந்தயத்தில் பீட்டர் டம்ப்ரெக்கின் கார் தடுப்பைத் தாண்டி மரங்களுக்குள் விழுந்தது. அவர் பிழைத்தது அதிர்ஷ்டம்.

இப்போ எல்லா காரையும் சமமா ஆக்கிடறாங்களே, அப்புறம் எதுக்குப் புதுசா கண்டுபிடிக்கணும்?

பிஓபி என்கிற சமநிலைப்படுத்தும் முறையைச் சொல்கிறீர்கள். வேகமான காருக்கு எடையைக் கூட்டு, சக்தியைக் குறை. இப்போதைய ஹைப்பர்கார் பிரிவில் அடிப்படை எடை 1,030 கிலோ. சக்கரங்களுக்குப் போகும் அச்சிலேயே சென்சார் வைத்து சக்தியை அளக்கிறார்கள். செலவு குறைகிறது, கம்பெனிகள் கூட்டமாக வருகின்றன. ஆனால் புதிய யோசனையால் வரும் வேகத்தை அடுத்த அட்டவணை பிடுங்கிக்கொள்ளும். பெஜோ 9எக்ஸ்8 பின்னிறக்கையே இல்லாமல் வந்து அசத்தியது. 2024-இல் இறக்கையோடு திரும்பி வந்தது. எனக்கு அதில் வருத்தம்தான்.

2023 நூற்றாண்டுப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24 கிலோ கூட்டினார்கள். 50 வருடம் கழித்து உச்சப் பிரிவுக்குத் திரும்பிய ஃபெராரி ஜெயித்தது, டொயோட்டா இரண்டாவது. அந்த 13 கிலோ வித்தியாசத்தைப் பற்றி ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். கம்பெனிகள் போட முடியாது. பிஓபி பற்றிப் பொதுவெளியில் கருத்துச் சொல்லக்கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது.

அப்போ வேகத்தை ஒளிச்சு வச்சுக்கலாமே?

வைக்கிறார்கள். பரீட்சைக்கு முன் "ஒண்ணும் படிக்கலைடா" என்கிற பையன் மாதிரி. சோதனை ஓட்டங்களில் அடக்கி வாசித்தால் எடை கூடாது. 2016-இல் ரோட்டுக் கார்களை ஒட்டிச் செய்த கார்கள் ஓடும் ஜிடிஇ பிரிவில் ஃபோர்டு ஜிடி தகுதிச்சுற்றில் திடீரென்று பாய்ந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் அதன் டர்போ அழுத்தத்தைக் குறைத்தார்கள். அப்படியும் ஃபோர்டு பிரிவில் ஜெயித்தது, 1966-க்குச் சரியாக 50 வருடம் கழித்து. இப்போது தரவு ஏராளமாகச் சேர்வதால் ஒளிப்பது கடினம், முயற்சி நிற்கவில்லை.

ரூலே இல்லாம விட்டா ஒரு கார் எவ்வளவு வேகம் போகும்?

இதற்கு நிஜமான பதில் இருக்கிறது. போர்ஷே 2017-இல் விலகியதும், மேலே சொன்ன 919-ஐ எடுத்து விதிக்கட்டை மட்டும் அவிழ்த்தது. என்ஜினின் உள்பாகங்களில் கைவைக்கவில்லை. எரிபொருள் ஓட்டத்துக்கு இருந்த வரம்பை எடுத்தவுடன் அதே 2 லிட்டர் என்ஜின் 500-இலிருந்து 720 குதிரைத்திறனுக்குப் போனது. இறக்கைகளை ஓட்டத்தில் அசையவிட்டார்கள். ஏசி, வைப்பர், முகப்பு விளக்குகள் என்று தேவையில்லாததைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள்.

2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் நீல் யானி 1 நிமிடம் 41.770 விநாடியில் சுற்றினார். அதற்கு முந்தின வருடம் எஃப்1 தகுதிச்சுற்றில் ஹாமில்டன் போட்ட நேரத்தைவிட 0.783 விநாடி குறைவு. ஜூனில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் டிமோ பெர்ன்ஹார்ட் 5 நிமிடம் 19.546 விநாடி. அங்கே 35 வருடம் நின்ற பழைய சாதனை 6 நிமிடம் 11 விநாடி, அதுவும் ஒரு போர்ஷே போட்டதுதான்.